ஆன்லைன் சி.எம்.இ.யில் சிரிப்புக்கும் இடம் வையுங்கள்: புதிதாக நடத்துகிறவர்களுக்கு

மருத்துவர் சங்கக் கிளையின் செயலாளர் பொறுப்போ, மருத்துவமனைக் கல்விக்குழுப் பொறுப்போ உங்கள் கைக்குப் புதிதாக வந்திருக்கலாம். மாதம் ஓர் ஆன்லைன் சி.எம்.இ., அதாவது டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சி, நடத்தியாக வேண்டும். பேச்சாளர் கிடைத்துவிடுவார், ஜூம் இணைப்பும் அனுப்பிவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். இரவு எட்டரை மணிக்கு, மாலை ஓ.பி.யை முடித்த கையோடு உள்ளே வருகிற டாக்டர், கேமராவை அணைத்துப் பெயரை மட்டும் திரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார். ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மணிக்கணக்கு சேர்ந்தால் போதும் என்று அவர் நினைப்பதற்குப் பெரும்பாலும் நாம் நடத்துகிற ஒருவழிப் பேச்சே காரணம். எண்பது ஸ்லைடு, கடைசியில் "ஏதாவது கேள்வி இருக்கா?", பத்து விநாடி மௌனம், நன்றியுரை.

இதை மாற்ற முடியும். ஆனால் நடுவில் ஒரு வாட்ஸ்அப் ஜோக்கைச் செருகுவதால் மாறாது. சிரிப்பு பாடத்துக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. இஸ்ரேலில் அவ்னர் ஸிவ் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தோடு ஒட்டிய நகைச்சுவை கலந்து புள்ளியியல் படித்த மாணவர்கள் பருவ இறுதித் தேர்வில் மற்றவர்களைவிட நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். 2006-ல் அமெரிக்காவில் ராண்டி கார்னர் செய்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர் பயன்படுத்தியது பதிவு செய்த 40 நிமிடக் காணொளி விரிவுரைகள். பாடத்துக்குப் பொருத்தமான வேடிக்கைத் துணுக்குகள் சேர்ந்த வடிவத்தைப் பார்த்தவர்களுக்குப் பாடம் கூடுதலாக நினைவில் நின்றது. இரண்டு ஆய்வுகளிலும் எடுத்துக்கொண்ட பாடம் புள்ளியியல் என்பதைக் கவனியுங்கள். வறண்ட பாடம் என்பதால் சிரிப்புக்கு வழியில்லை என்று எந்தப் பேச்சாளரும் சொல்லிவிட முடியாது.

முதலில் கூடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூமில் 'மீட்டிங்', 'வெபினார்' என்று இரண்டு வகை உண்டு. வெபினாரில் பார்வையாளர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. மைக்கும் கேமராவும் இல்லாமல்தான் உள்ளே வருவார்கள். சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூமும் கிடையாது. ஆயிரம் பேர் வருகிற மாநில அளவு நிகழ்ச்சிக்கு அது சரி. அறுபது, எண்பது பேர் வருகிற கிளை நிகழ்ச்சிக்கு மீட்டிங்தான் வேண்டும். யாரும் யாரையும் பார்க்க முடியாத இடத்தில் சிரிப்பு பரவாது.

இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். எனவே சங்கச் செலவில் ஒரு கட்டணக் கணக்கு எடுத்துவிடுங்கள். வாக்கெடுப்புக் கேள்விகளை முந்தின நாளே ஏற்றி, 'பெயர் தெரியாமல் பதில்' என்பதைத் தேர்வு செய்து வையுங்கள். வீடியோவோ ஒலித்துணுக்கோ போடுவதாக இருந்தால், திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிர்வதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டும். மறந்தால் பேச்சாளர் மட்டும் சிரிப்பார், மற்றவர்கள் ஊமைப்படம் பார்ப்பார்கள்.

பெயர் தெரியாத வாக்கெடுப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் டாக்டர்கள் பேசாமல் இருப்பது ஆர்வக் குறைவால் இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு நடத்திய பேராசிரியர் அதே திரையில் மூன்றாவது கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். "சார் முன்னாடி தப்பா சொல்லிடக் கூடாது" என்ற பயம் ஐம்பது வயதிலும் போவதில்லை. தப்பாகச் சொன்னாலும் மானம் போகாது என்ற நிம்மதி வந்தால்தான் வாயும் திறக்கும், சிரிப்பும் வரும்.

சிரிப்பொலி கேட்க ஏற்பாடு

நேரில் நடக்கிற கூட்டத்தில் முன்வரிசை சிரித்தால் பின்வரிசையும் சேர்ந்துகொள்ளும். ஆன்லைனில் எல்லோரும் மியூட். பேச்சாளர் ஒரு வேடிக்கை சொல்கிறார், ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது வேடிக்கையை அவர் விழுங்கிவிடுவார். ஆகவே உங்கள் நண்பர்களில் நாலைந்து பேரை முன்கூட்டியே கேட்டு, கேமராவும் மைக்கும் திறந்தபடி உட்கார வையுங்கள். வீட்டில் மிக்ஸி ஓடாத, அமைதியான அறை உள்ளவர்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் போலியாகச் சிரிக்க வேண்டாம், வரும்போது அடக்காமல் இருந்தால் போதும்.

பேச்சாளரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். இணையத்தில் குரல் சற்றுத் தாமதமாகப் போகும். வேடிக்கையைச் சொன்னதும் மூச்சு விட்டு நிற்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லையே என்று உடனே விளக்க ஆரம்பித்தால் அது அங்கேயே செத்துவிடும். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், வேடிக்கை தமிழில் வரட்டும். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தன் ஊர்த் தமிழுக்கு மாறினாலே முகங்கள் இளகும்.

ஒரு மணி நேரத்தை எப்படிக் கட்டுவது: பாம்புக்கடி

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு தலைப்பை முழுக்கக் காட்டுகிறேன். தமிழ்நாட்டில் எந்தக் கிளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வைக்க வேண்டிய தலைப்பு பாம்புக்கடி.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை எல்லோருக்கும் தெரியும். உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், ஆனால் அவசரத்தில் பிளாஸ்டிக் குழாயில் எடுப்பார்கள், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் எடுப்பார்கள், பத்தாவது நிமிடத்திலேயே தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். இந்த 20 நிமிடத்தையே நிகழ்ச்சியின் கடிகாரமாக்கிவிடுங்கள்.

பேச்சாளர் மேஜையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் சிவப்புச் சாயம் கலந்த வெறும் தண்ணீர். இன்னொன்றில் அதே நிறத்தில், கொதிக்க வைத்துக் கரைத்த கடல்பாசித் தண்ணீர், சூடாக இருக்கும்போதே ஊற்றியது. ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கடல்பாசித் தூள் போதும். குழாய்களைக் காட்ட ஒரு செல்போனைத் தனிக் கேமராவாக அதே மீட்டிங்கில் சேர்த்து, அதன் ஒலியை முழுக்கத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் காது கிழிகிற ஊளைச் சத்தம் வரும். நிகழ்ச்சி தொடங்கியதும் குழாய்களை நிறுத்தி, திரையின் மூலையில் கடிகாரத்தை ஓட விடுங்கள். "எந்தக் குழாய் கண்ணாடி விரியன் கடித்தவருடையது?" என்று ஒரு வாக்கெடுப்பு. பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் எல்லோரும் ஊகமாகத்தான் போடுவார்கள்.

பிறகு பாடம் தொடங்கும். ஆறாவது நிமிடத்தில் மாடரேட்டர் குழாயை நோக்கி மெதுவாகக் கையை நீட்டுவார். பேச்சாளர் பேச்சை நிறுத்தி "டாக்டர், கையை எடுங்க!" என்பார். பன்னிரண்டாவது நிமிடத்தில் மறுபடியும். மூன்றாவது முறை கை நீளும்போது பார்வையாளர்களே சாட்டில் "கையை எடுங்க" என்று அடிக்கத் தொடங்குவார்கள். இருபதாவது நிமிடம் எந்த ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, குழாய்களைத் தலா ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். ஒன்றில் கட்டி அசையாமல் நிற்கும், மற்றதில் தண்ணீர் ஓடும். ஓடுகிற குழாய்தான் கண்ணாடி விரியன் கடித்தவருடையது, அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. 'ஆட்டாதே, காத்திரு' என்பதை ஸ்லைடில் எவ்வளவு தடித்த எழுத்தில் போட்டாலும் இவ்வளவு ஆழமாகப் பதியாது. முந்தின நாள் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள், கடல்பாசியின் அளவு குறைந்தால் கட்டி சரியாக நிற்காது.

நடுவே கேள்விகள் வேண்டும். நம்மிடம் விடுகதை என்ற அருமையான வடிவம் இருக்கிறது, நோய்கண்டறிதலுக்கு அதைவிடப் பொருத்தம் எதுவுமில்லை:

"கடிச்ச தடம் இல்லை, வீக்கமும் இல்லை. தரையில படுத்தவர் நடுராத்திரி வயித்துவலின்னு எழுந்தார். விடியக்காலையில இமையைத் தூக்க முடியலை. நான் யார்?"

பதிலை எல்லோரும் சாட்டில் தட்டச்சு செய்ய வேண்டும், ஆனால் அனுப்பக் கூடாது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் ஒரே நேரத்தில் எண்டர் தட்ட வேண்டும். கட்டுவிரியன், கட்டுவிரியன், கட்டுவிரியன் என்று திரையில் அருவியாகக் கொட்டும், நடுவில் இரண்டு அப்பெண்டிசைடிஸும் வரும். அந்த இரண்டையும் யார் எழுதியது என்று மாடரேட்டர் வாசிக்கக் கூடாது. "அப்பெண்டிசைடிஸ்னு நினைச்சதுல தப்பே இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில நமக்கும் அதுதான் முதல்ல தோணும்" என்று சொல்லி மேலே போக வேண்டும்.

வாக்கெடுப்புக் கேள்விகளில், நன்றாகத் தெரியும் என்று நினைத்துச் சறுக்குகிறவையாகப் பார்த்துப் பொறுக்குங்கள். பத்து கிலோ குழந்தைக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு? பெரியவருக்குக் கொடுக்கிற அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு எடை பார்த்து விஷம் இறக்குவதில்லை. மருந்துக்கு முன் தோலில் டெஸ்ட் டோஸ் போட வேண்டுமா? வேண்டாம், அது அலர்ஜியை முன்கூட்டிச் சொல்வதுமில்லை, நேரத்தையும் தின்றுவிடும். விஷமுறிவு மருந்து தயாரிக்கும் விஷம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே இருக்கும் நம் வடநெம்மேலியிலிருந்து. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டு டாக்டர்களிலேயே பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கும், திரையில் ஒரு சின்னப் பெருமிதம் தெரியும்.

மூத்தவரை விளையாட்டுக்குள் இழுங்கள்

கூட்டத்தில் எல்லோரும் பயப்படுகிற பேராசிரியர் இருந்தால் அவருக்கு ஒரு வேஷம் கொடுங்கள். தலைமையுரையைவிட அது அவருக்கும் பிடிக்கும். பாம்பு கடித்தவரின் தாய்மாமன் அவர். பணியில் சேர்ந்து ஒரு வருடமே ஆன ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எதிரில்.

"டாக்டரம்மா, எம் மருமவனைக் கடிச்ச பாம்பை அடிச்சு இந்தப் பையில கொண்டாந்திருக்கேன். பாத்துட்டு மருந்தைக் குடுங்க."

"ஐயா, பையைத் திறக்காதீங்க. அப்படியே கீழ வைங்க."

"செத்த பாம்புதாம்மா."

"செத்த பாம்பும் கடிக்கும்ங்கய்யா. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலு பாம்புக்கும் ஒரே மருந்துதான், பாம்பைப் பாக்காமலே குடுத்துடலாம்."

"அப்ப இந்தக் கட்டு? முழங்காலுக்கு மேல நாந்தான் இறுக்கிக் கட்டுனேன். அவுத்துட்டா விஷம் தலைக்கு ஏறிடாது?"

இந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட்டு, இறுக்கிய கட்டை எப்போது, என்னென்ன தயாராக வைத்துக்கொண்டு அவிழ்க்க வேண்டும் என்று பார்வையாளர்களிடம் கேளுங்கள். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் பாயலாம் என்பதால் மாமன் கேட்டது நியாயமான கேள்வி. இந்த நாடகத்தை எழுதுகிறவர் மனதில் வைக்க வேண்டியது அதுதான்: மாமனை முட்டாளாகக் காட்டக் கூடாது. அவர் மருமகனைக் காப்பாற்ற ஓடி வந்திருக்கிறார். பையைப் பார்த்து டாக்டர் நாற்காலியோடு பின்வாங்குவதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கட்டும். மாமனின் பயத்துக்குப் பதில் சொல்லப் பழகட்டும்.

பட்டிமன்றம் போடலாம்

இரண்டு பக்கமும் நியாயம் உள்ள தலைப்புக்குப் பட்டிமன்றத்தை மிஞ்சிய வடிவம் கிடையாது. "மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்: கொடுக்கலாமா, காத்திருக்கலாமா?" அணிக்கு இருவர், ஆளுக்கு நான்கு நிமிடம், ஒரு நடுவர். பேசுகிறவர்கள் வழிகாட்டு நெறிமுறைகளிலிருந்து குறைந்தது ஓர் ஆதாரமாவது காட்ட வேண்டும் என்று கட்டாயம் வையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வாக்கெடுப்பு நடத்தி எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று காட்டலாம். நடுவர் கலகலப்பானவராக இருந்தால் போதாது, விஷயம் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். கடைசியில் அவர் சொல்வதைத்தான் இளம் டாக்டர்கள் நாளைக் காலை ஓ.பி.யில் செய்வார்கள்.

ஆய்வுக் கட்டுரை வாசிப்பு என்றால்

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பாதிப் பேர் வர மாட்டார்கள். மருத்துவ உலகமே நமக்குச் சரக்கு சேர்த்து வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வேடிக்கையான, ஆனால் முறைப்படி செய்த ஆய்வுகளை வெளியிடும். 2018-ல் வந்த ஒன்றில், விமானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கு பாராசூட் பயன்படுகிறதா என்று 23 பேரை ரேண்டமைஸ் செய்து, அதாவது குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு: பாராசூட் போட்டவர்களுக்கும் வெறும் பை மாட்டியவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இதை ஸ்லைடில் காட்டி, "உங்கள் நோயாளிக்கு இனி பாராசூட் எழுதுவீர்களா?" என்று வாக்கெடுப்பு வையுங்கள். அதன் பிறகு கட்டுரையின் உட்பகுதியைத் திறங்கள். விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது; குதித்த உயரம் சராசரி 0.6 மீட்டர். ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், எந்தச் சூழலில் சேர்த்தார்கள் என்று பார்க்காமல் சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மருந்துச்சீட்டு எழுதுவதில் என்ன ஆபத்து என்பது ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும். அடுத்து ஒரு நிஜ மருந்து ஆய்வை எடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இந்த இரண்டாம் பகுதி இல்லாவிட்டால் முதல் பகுதி வெறும் பொழுதுபோக்காகிவிடும்.

எத்தனை பேர் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்க்கும் உயிர்பிழைப்புக் கணக்கைப் புரியவைக்க 2005-ல் அதே இதழில் வந்த டீஸ்பூன் ஆய்வு உண்டு. மெல்போர்ன் ஆய்வு நிறுவனம் ஒன்றில் ரகசியமாகக் குறியிட்டு வைத்த 70 டீஸ்பூன்களில் 56 ஐந்து மாதத்தில் காணாமல் போயின. ஒரு ஸ்பூனின் அரை ஆயுள் 81 நாள். நம் ஆஸ்பத்திரிகளில் பேனாவுக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்று யாராவது சாட்டில் நிச்சயம் எழுதுவார்கள். அவரையே பிடித்து, ஆய்வை எப்படி வடிவமைப்பார் என்று கேளுங்கள்.

எதைத் தொடக் கூடாது

நோயாளி ஒருபோதும் சிரிப்புக்குப் பொருளாகக் கூடாது. அவருடைய பேச்சுவழக்கு, உடல் பருமன், படிப்பு, சாதி, ஊர், வறுமை எதுவும் கூடாது. நர்ஸ், பயிற்சி டாக்டர், லேப் டெக்னீஷியன் போல அங்கே பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களும் அப்படித்தான். ஆண் டாக்டர்கள் மட்டும் இருந்த காலத்து 'மனைவி ஜோக்'குகளைப் பேச்சாளர் கொண்டுவந்தால் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள். மூத்தவராயிற்றே என்று தயங்க வேண்டாம்: "சார், இந்த ஸ்லைடு மட்டும் வேண்டாமே, நிகழ்ச்சி ரெக்கார்ட் ஆகுது" என்றால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் நோயாளியின் பெயரும் எண்ணும் இருக்கும், அதை மறைத்த பிறகுதான் திரைக்கு வர வேண்டும். யாராவது உங்கள் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடத்தான் போகிறார்கள்.

சில தலைப்புகளில் வேடிக்கை வேண்டவே வேண்டாம். குழந்தை மரணம், தற்கொலை, பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிப்பது போன்றவற்றில் விறுவிறுப்புக்குக் கேள்வியும் குழு விவாதமும் போதும்.

பரிசு

வினாடி வினா வைத்தால் பரிசு வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மருந்து நிறுவனம் எதையாவது தர முன்வரும். 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகள், மருத்துவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நிறுவனங்கள் தனிப்பட்ட பரிசு தரக் கூடாது என்கின்றன. சங்கப் பணத்தில் சின்னதாக வாங்குங்கள். வென்றவருக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் கூரியரில் போனால், அதைப் பிரித்த படம் மறுநாள் குரூப்பில் வரும். விலை உயர்ந்த பரிசுக்கு அந்தக் கலகலப்பு வராது.

கேள்விக்குக் கஹூட், மென்டிமீட்டர் போன்ற செயலிகளும் உண்டு. கஹூட்டில் வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் இளைஞர்கள் உற்சாகமாவார்கள், அறுபதைத் தாண்டியவர்கள் செயலியைத் திறப்பதற்குள் மூன்று கேள்வி போயிருக்கும். வயது கலந்த கூட்டத்துக்கு ஜூம் வாக்கெடுப்பே நல்லது.

முடிந்த பிறகு

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு கேள்வியை அனுப்புங்கள். படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது ஒரு வாரத்துக்குப் பின்னும் கூடுதலாக நிலைக்கிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் காட்டினார்கள். கேள்வி நிகழ்ச்சியின் வேடிக்கையைத் தொட்டு இருக்கட்டும்: "மாமா பையோட வந்துட்டார், மருமகனுக்கு இமை தூக்கலை, குழாயில ரத்தம் உறைஞ்சிருக்கு. எந்தப் பாம்பாக இருக்கலாம், அடுத்து என்ன செய்வீங்க?" பதிலை உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். உறைந்த ரத்தத்தோடு இமை இறங்கினால் நாகம் அல்லது கட்டுவிரியன். மூச்சைக் கவனித்துக்கொண்டே விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும். எத்தனை பேர் மூச்சைப் பற்றி எழுதாமல் விட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை அதிகமாக இருந்தால் அடுத்த மாதம் வேறு தலைப்புக்குப் போகாமல், மூச்சுவிட உதவும் குழாயைப் பொருத்துவதைப் (இன்டியூபேஷன்) பற்றி ஒரு நிகழ்ச்சி வையுங்கள். மாமாவாக நடித்த பேராசிரியரையே மறுபடி அழைக்கலாம், பெரும்பாலும் அவரே கேட்பார்.